இன்ட்ரோவை எவன் கேட்பான்?

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு மாதத்துக்கு எவனுக்கும் கல்யாணம் ஆகாது. ஆகவே எனக்குப் பிழைப்பு கிடையாது. ஜவுளிக்கடைக்காரன் தள்ளுபடி போட்டுச் சமாளித்துக்கொள்வான். டிஜே என்ன செய்வான்? ‘ரெண்டு குத்துப் பாட்டுக்கு ஒரு மெலடி இலவசம்’ என்று போர்டு மாட்டவா?

இந்த டைரி போன வருஷம் ஒரு ரிசப்ஷனில் தாம்பூலப் பையில் வந்தது. தேங்காய்க்குப் பதில் டைரி. மாப்பிள்ளை ஆடிட்டர். சட்னி அரைக்கக்கூட உதவாது என்று மூலையில் போட்டிருந்தேன். சும்மா இருக்கிற மாதத்தில் எழுதிப் பார்ப்போமே.

எழுத விஷயமும் இருக்கிறது. லண்டனிலிருந்து ஒரு மெயில். இணைய வானொலி, டிரம் அண்ட் பாஸ் தவிர வேறு எதுவும் போடமாட்டார்கள். நடத்துகிறவர் பெயர் க்ளைவ். ஆற்காட்டைப் பிடிக்க முன்பு ஒரு க்ளைவ் வந்தார், இப்போது நான் குடியிருக்கும் சாலிகிராமத்துக்கு ஒருவர். ஒரு டிஜே தன் மனதுக்கு மிகவும் பிடித்த பத்து ட்யூன்களைச் சொல்ல வேண்டும், அவற்றைப் போட்டு நடுநடுவே அவரோடு பேச வேண்டும். நேரடி ஒலிபரப்பு. ஆகஸ்ட் பதினொன்று, ஞாயிறு சாயங்காலம்.

மெயிலின் கடைசியில்தான் கல்கண்டு. டிசம்பர் கடைசியில் போர்ச்சுகல் கடற்கரையில் அவர் ஒரு விழா நடத்துகிறார். அதற்கு ஆசியாவிலிருந்து ஒரே ஓர் ஆள். அந்த ஆளை இந்த நிகழ்ச்சியில் இருந்துதான் எடுப்பாராம்.

எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாண மண்டபங்களில் டிஜே ஜக்ஸ், ரேஷன் கார்டில் ஜெகதீசன். வேலைக்கு வந்த நாளிலிருந்து “அண்ணா, சித்தப்பா ஆடணுங்கறாரு, பழசா ஏதாவது போடுங்க” என்ற குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வாய்ப்பை விட்டால் கடைசி வரை அந்தச் சித்தப்பாவோடுதான் என் வாழ்க்கை. எனக்கு இது வேண்டும். வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அவ்வளவுதான், எழுதியாயிற்று.

ஜூலை 18, வியாழன்

டிரம் அண்ட் பாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம்: தாலி கட்டும்போது அடிக்கும் கெட்டிமேளத்தை ஒரு மணி நேரம் விடாமல் அடித்தால் அது டிரம். அந்தக் கூச்சலைக் கொஞ்சமும் கண்டுகொள்ளாமல் கீழே கோவில் யானை ஒன்று அசைந்து போனால் அது பாஸ். ட்யூன் ஏறி ஏறிப் போய், ஒரு கணம் மூச்சை அடக்கி, தொபுக்கடீரென்று விழுமே, அந்த இடத்துக்குப் பெயர் டிராப். அந்த ஒரு இடத்துக்காகத்தான் மற்றதெல்லாம்.

பத்தில் நாலு இன்று முடிவானது. லீட்ஸ்காரர் ஒருவரின் ‘டின் சீலிங்’, தகரக் கூரையில் மழை அடிப்பது போல ஸ்நேர் மேளம். அப்புறம் ‘ஸ்லோ லாரி’. பெயர் அப்படி, ஓட்டம் தண்ணி லாரி. ‘மதர்ஸ் கிச்சன்’ என்று ஒன்று, அதில் பாஸ் வரும்போது என் பல்லில் அடைத்த சிமென்ட் ஆடும். நாலாவது ஒரு ஜப்பான்காரி போட்டது. தலைப்பைப் படிக்கத் தெரியவில்லை, க்ளைவ் படித்துக்கொள்ளட்டும்.

தினமும் மெயிலில் முப்பது நாற்பது புது ட்யூன் வரும். எல்லாவற்றையும் ஆதியிலிருந்து கேட்க நான் என்ன சிரஞ்சீவியா? திரையில் ட்யூனின் படம் கோடாகத் தெரியும். ஒல்லியாக ஆரம்பிப்பது இன்ட்ரோ. திடீரென்று குண்டாகும் இடம் டிராப். குண்டில் ஒரு க்ளிக், பத்து விநாடி, பிடித்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் குப்பை. இன்ட்ரோ என்பது முந்தைய ட்யூனோடு கலப்பதற்காக விட்ட இடம். இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பது மாதிரி. தெளித்த தண்ணீரை எவனாவது ருசி பார்ப்பானா?

வசு நடுவில் வந்து கெடுத்தாள். வசுமதி, என் மனைவி. வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் எடிட்டர். அதாவது, சீரியலில் மாமியார் திரும்பிப் பார்க்கும்போது ‘டொய்ங்’ என்று கேட்குமே, அதைப் போடுகிறவள். மாமியார் மூன்று தடவை திரும்பினால் மூன்று டொய்ங். அந்த வேலைக்கு ஒரு டிப்ளமா வேறு. பாதி நாள் வீட்டிலேயே, வடக்குப் பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வாள்.

கையில் ரெக்கார்டரோடு வந்து நின்றாள்.

“ஜெகா, ஒரு நிமிஷம் பேசாம இரு. நம்ம வீட்டோட ரூம் டோன் எடுக்கணும்.”

“ரூம் டோனா?”

“யாரும் பேசாதப்ப வீடு ஒரு சத்தம் போடும் இல்ல, அது. எத்தன நாளா கேக்கறேன்.”

“சும்மா இருக்கற வீட்டுல என்ன சத்தம்? அதுக்கு ஒரு மைக் வேற. காத்தக்கூட விடமாட்டீங்களா நீங்க?”

அவள் ரெக்கார்டரைப் பார்த்தாள், அழித்தாள், போய்விட்டாள். இரண்டு வருஷமாக இதே கதை. வீட்டில் நானும் பேசாவிட்டால் அப்புறம் யார்தான் பேசுவது?

ஜூலை 20, சனி

தெருமுனை அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள். விடிந்ததிலிருந்து குழாய் ஸ்பீக்கர். அம்மனுக்குக் காது கேட்காது என்று முடிவே பண்ணிவிட்டார்கள்.

இது போதாதென்று எங்கள் வீட்டுக் கேட். திறந்தால் பன்றியை அறுப்பது போல ஒரு கீச்சு, மூடினால் ‘டணார்’. எண்ணெய் விடலாம் என்று போனால், வசு கேட்டருகில் நின்று ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். சீரியலில் யாரோ வீட்டை விட்டு ஓடுகிறார்கள் போல. “எண்ணெய் விட்டுடாத” என்று எனக்கு எச்சரிக்கை. ஹவுஸ் ஓனர் சிகாமணி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “என்னம்மா, கேட்டு விளையாட்டா?” என்றார். வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு அவமானம் எப்படியெல்லாம் வருகிறது.

ஏழு ட்யூன் ஆயிற்று. முதலிடத்துக்குத்தான் ஆள் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

மத்தியானம் ‘டின் சீலிங்’ பற்றிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். வசு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, ஏதோ பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காருவது போல.

“நான் ஒண்ணு பண்ணிருக்கேன். கேக்கறியா?”

“என்னது?”

“ட்யூன்.”

சிரித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. அவள் போட்டாள். ஏதோ ஃபேன் ஓடுகிறது. ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு க்ளிக் பண்ண மௌஸைத் தரவில்லை.

“நிறுத்து வசு, தலை வலிக்குது. சீரியல் டைட்டில் மாதிரி இருக்கு. நீ போய் மாமியாருக்கு டொய்ங் போடு.”

“பத்து செகண்டுதான் ஆச்சு, ஜெகா.”

“பத்து செகண்ட் போதும் எனக்கு. தொழில்காரன்.”

“இன்னும் டிராப்பே வரலையே.”

“டொய்ங்! இந்தா, வந்துருச்சு டிராப்.”

வேடிக்கைக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மடிக்கணினியை மூடிக்கொண்டு போய்விட்டாள். ரெக்கார்டரை மேஜையிலேயே விட்டுவிட்டாள், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரி என்ன மரத்திலா காய்க்கிறது? நான்தான் அணைத்துவைத்தேன். இந்த வீட்டில் பொறுப்புள்ள ஆள் நான் ஒருவன்தான்.

ஜூலை 23, செவ்வாய்

இரண்டு நாளாக ரசம் மட்டும். ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

காலையில் மெயில். அனுப்பியவர் ‘நார்த் ரூம்’. பெயரைக் கேட்டாலே பனி கொட்டுகிறது. விலாசம் இல்லை, படம் இல்லை, ஒரு வரி அறிமுகம்கூட இல்லை. ட்யூனின் பெயர் ‘டென் செகண்ட்ஸ்’. ஏதோ ராக்கெட் விடுகிற சமாச்சாரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே குண்டான இடத்தில் க்ளிக் பண்ணினேன்.

அடேயப்பா.

எழுந்து நின்றுவிட்டேன். ஸ்நேர் விழும் இடத்திலெல்லாம் ஓர் இரும்புச் சத்தம், கைவிடப்பட்ட கப்பல் பட்டறையில் ஏதோ ராட்சசக் கதவை அறைவது போல. நடுநடுவே நீராவி. பழைய ரயில் எஞ்சினாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஊர் ஊராக அலைந்திருப்பான் அந்த மனிதன். எஸ்டோனியாக்காரன் என்பது என் கணிப்பு. தாடி இருக்கும். குளிக்கமாட்டான்.

அந்த பாஸ்! அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சிந்தசைசரில் வருவதே இல்லை இப்படி. அகங்காரம் பிடித்த பெரிய மிருகம் ஒன்று குகைக்குள்ளிருந்து உறுமுகிறது, ஆனால் உறுமலில் ஒரு முட்டாள்தனமும் இருக்கிறது. கேட்கக் கேட்கச் சிரிப்பு வருகிறது. எப்படிச் செய்தான் என்று தெரியவில்லை. முதலிடம் இதற்குத்தான்.

ஓடிப்போய் வசுவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் ஹெட்போனை வைத்து டிராப்பைக் கேட்க வைத்தேன். “இதுதான் ட்யூன். இதப் பாத்து கத்துக்கணும்” என்றேன்.

“ஆரம்பத்துலேருந்து கேட்டியா?”

“இன்ட்ரோவ எவன் கேப்பான்?”

“சும்மா கேட்டேன். உனக்கு அவ்ளோ புடிச்சிருக்கா?”

“புடிச்சிருக்காவா? அந்த ஆள் கெடச்சா கால்ல விழுவேன்.”

அவள் நறுக்குவதை நிறுத்தினாள். “நெஜமாவா?” என்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் எதுவும் இல்லை, பீன்ஸ்தான். பொம்பளைகளுக்கு என்னென்னவோ.

இன்று சாம்பார்.

ஜூலை 29, திங்கள்

நார்த் ரூமுக்கு மூன்று பக்கம் மெயில் எழுதினேன். கப்பல் பட்டறை, ரயில் எஞ்சின், மிருகம், எல்லாவற்றையும் பாராட்டி, வானொலியில் போட அனுமதி கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: “முழுதாகக் கேட்டுவிட்டு, அப்புறமும் போட விருப்பம் என்றால் தாராளமாகப் போடுங்கள்.”

என்ன அடக்கம்! நம்மூரில் ஒரு ரீமிக்ஸ் போட்டதுமே அவனவன் ஃப்ளெக்ஸ் வைக்கிறான். முழுதாகக் கேட்டேன், அருமை என்று பதில் போட்டேன். டிராப்பை முழுதாகத்தானே கேட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை. நான் ஹெட்போனில் எஸ்டோனியாவின் நீராவியை ரசித்துக்கொண்டிருக்க, குறுக்கே எங்கள் வீட்டுக் குக்கர் கத்துகிறது. அதை அணைக்கச் சொல்லிக் கத்தினேன். “ரெண்டுக்கும் என்ன வித்யாசம்?” என்று அடுப்படியிலிருந்து வசு கேட்டாள். பாமரர்களிடம் எதை விளக்குவது?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

க்ளைவிடமிருந்து நிபந்தனைகள். ட்யூன்களை ஒன்றோடொன்று கலக்கக் கூடாதாம். ஒவ்வொன்றையும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை அவரே போடுவாராம். “இசையமைப்பாளருக்கு நாம் செய்யும் மரியாதை” என்று எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரனுக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது.

இதை வசுவிடம் சொன்னபோது அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“முதல் நொடியிலேருந்தா? லைவ்லயா?”

“ஆமா. உனக்கென்ன?”

“ஜெகா, எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி அந்த நம்பர் ஒன்ன ஒரு தடவ ஆரம்பத்துலேருந்து கேட்டுடு.”

“பத்து ட்யூனப் பத்திப் பேசப் பழகணும் நான். உனக்கு வேல இல்லன்னா சீரியல் பாரு.”

“தயவுசெஞ்சுன்னு சொல்றேன்.”

சரி, போனால் போகிறது என்று போட்டேன். ஒரு ஃபேன் ஓடுகிறது. தூரத்தில் நாய் குரைக்கிறது. எஸ்டோனியா நாயும் நம்மூர் நாய் மாதிரியேதான் குரைக்கிறது, உலகம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் போன். முகப்பேரில் ஆவணி ரிசப்ஷன் ஒன்று, பெண்ணின் தாய்மாமன் பேசினார். பேசி முடித்துவிட்டு வந்து, வழக்கம் போலக் குண்டில் க்ளிக்.

“கேட்டுட்டேன், போதுமா?” என்றேன்.

“என்ன கேட்ட?”

“நாய்.”

“சரி, உன் இஷ்டம்” என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

நாளைக்கு. பயமாக இருக்கிறது. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். வானொலியில் சட்டை தெரியாது என்று வசு ஞாபகப்படுத்தினாள். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கூடத்தில் மைக் வைத்து உட்கார்ந்தேன். வசு, “நான் உள்ளேருந்து கேக்கறேன்” என்று வடக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பேசுவது லண்டன் போய், அங்கிருந்து ஊர் உலகத்துக்குப் போக ஒரு நிமிஷம் தாமதமாகும் என்று க்ளைவ் முன்பே சொல்லியிருந்தார். அதனால் நான் இங்கே பேசி முடித்த பிறகு, அதே பேச்சு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போனில் கேட்டது. நான் சொன்னதை வீடே ஒரு தரம் திருப்பிச் சொல்வது போல இருந்தது.

ஒன்பது ட்யூன் ராஜ நடை. தகரக் கூரை பற்றிச் சொன்னபோது க்ளைவ் சிரித்தார். பல் சிமென்ட்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். “உங்களுக்கு அபாரமான காது” என்றார். போர்ச்சுகல் கடல் என் காலை நனைத்துவிட்டது.

“இப்போது முதலிடம். யார் இந்த நார்த் ரூம்?” என்று கேட்டார்.

கப்பல் பட்டறை, நீராவி, தாடி, மிருகம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். “இந்த பாஸைப் போல ஒன்றை என் வாழ்நாளில் கேட்டதில்லை” என்று முடித்தேன். அவர் ட்யூனைப் போட்டார். முதல் நொடியிலிருந்து.

ஃபேன். நாய். அப்புறம் ஒரு கீச்சு, ஒரு டணார்.

எங்கள் கேட்.

எங்கள் கேட் எப்படி எஸ்டோனியாவுக்குப் போயிற்று என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். என் புத்தி அவ்வளவுதான். குக்கர் விசில் அடித்தது. அப்புறம் ஒரு ஆண் குரல், நல்ல கணீரென்று, சலிப்பாக:

“நிறுத்து வசு, தலை வலிக்குது.”

என் குரல்.

“பத்து செகண்ட் போதும் எனக்கு. பத்து செகண்ட் போதும் எனக்கு. தொழில்காரன். தொழில்காரன்.”

கீழே டிரம் மெதுவாக ஏறுகிறது. கடைசியில் எல்லாம் நின்று, நான் வேடிக்கைக்குச் சொன்ன அந்த ‘டொய்ங்’ மட்டும் தனியாக. இன்னொரு தரம், கொஞ்சம் கனமாக. இன்னும் கனமாக. ஒவ்வொரு தரமும் கீழே கீழே இறங்கி, இழுபட்டு, பெருத்து, தொபுக்கடீரென்று விழுந்தபோது அது அந்த மிருகமாக இருந்தது. அகங்காரமும் முட்டாள்தனமும் கலந்த அந்த உறுமல். இரண்டு வாரமாகக் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டேனே, அது என் வாய்.

ட்யூன் முடிந்தது. க்ளைவ் பெருமூச்சு விட்டார். “அந்தக் குரல்! உங்கள் மொழிதானே? என்ன சொல்கிறார் அவர்?”

கூசாமல் சொன்னேன்: “அது ஒரு பழமொழி. பொறுத்தார் பூமி ஆள்வார். பொறுமையைப் பற்றி.”

“ஆஹா” என்றார் க்ளைவ்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் அந்த ட்யூனின் வால் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. கேட்பவர்கள் எழுதும் செய்திகள் திரையில் ஏறிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் எல்லாம் நெருப்பு எமோஜியாக வந்தது. அப்புறம் ஸ்கார்பரோவிலிருந்து ஓர் ஈழத்தமிழர் தமிழிலேயே எழுதினார்: “அண்ணை, உந்தப் பாட்டிலை கதைக்கிறதைக் கேட்டீங்களோ? உவர் மனுசியை ஏசுறார்.” அடுத்தது: “குரல் உங்கடை மாதிரியே கிடக்கு, அண்ணை?” மூன்றாவதை ஆங்கிலத்தில் எழுதிவிட்டார், பாவி.

க்ளைவ் அதைப் படித்தார். “நம் நேயர் வேறு மாதிரி சொல்கிறாரே. வசு என்பது யார்?”

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் என் குரல் வந்து சேர்ந்தது. “அது ஒரு பழமொழி. பொறுத்தார் பூமி ஆள்வார்.” என் பொய்யை அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். கேட்கச் சகிக்கவில்லை.

யாரோ தெரியாத ஆள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் க்ளைவ் நம்புவார். நான் கடலுக்குப் போவேன், கதவு சாத்தியே இருக்கும்.

“வசு என் மனைவி” என்றேன். “அந்தக் குரல் என்னுடையது. அவர் என்னிடம்தான் இந்த ட்யூனை முதலில் போட்டுக் காட்டினார். நான் பத்து விநாடி கேட்டுவிட்டுத் தலை வலிக்கிறது என்றேன். சீரியலுக்கு டொய்ங் போடப் போ என்றேன். அப்புறம் அந்தப் பேச்சையும் இதில் சேர்த்து வேறு பெயரில் அனுப்பினார், நான் தாடி வைத்து எஸ்டோனியாவுக்கு அனுப்பிவிட்டேன். என் முதலிடத்து ட்யூனின் ஆரம்பத்தை இன்றைக்குத்தான் நானும் உங்களோடு சேர்ந்து கேட்டேன். நான் ஒரு மடையன். ட்யூன் மட்டும் நிஜமாகவே முதலிடம்.”

க்ளைவ் நிகழ்ச்சியை எப்படியோ முடித்தார். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காத்திருப்பைப் போல நீளமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை. அப்புறம் உள்ளே என் குரல், “வசு என் மனைவி” என்றது. “மடையன்” வரை வந்தது. “முதலிடம்” வந்தது.

கதவு திறந்தது. வசு மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“கால்ல விழறேன்னு சொன்ன.”

விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன். “எழுந்திரு, சட்ட கசங்குது” என்றாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

க்ளைவின் மெயில். போர்ச்சுகல் விழாவுக்கு ஆசியாவிலிருந்து தேர்வானவர்: நார்த் ரூம். எனக்கு அன்பும் வாழ்த்தும், நேர்மைக்குப் பாராட்டும். பாராட்டை மண்டபத்தில் அட்வான்ஸாக வாங்கிக்கொள்வார்களா தெரியவில்லை.

வெட்கமாக இருக்கிறது. பொறாமையாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள இந்த வீட்டில் இடமில்லை, மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். வசு துணி எடுக்க வந்தாள்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“மொதல்ல சொல்லத்தான் வந்தேன். பொட்டு வச்சுக்கிட்டு வந்தேன்.”

கொடியில் இருந்த கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

“ஊர் கைதட்டறது வேணாம்னு பொய் சொல்லமாட்டேன் ஜெகா, வேணும் எனக்கு. போர்ச்சுகலுக்குப் போகத்தான் போறேன். ஆனா நீ கேக்கணும்னுதான் பண்ணேன். நீ ‘அந்த ஆள் கால்ல விழுவேன்’னப்ப, அந்தத் தாடிக்காரன் மேல எனக்கே பொறாம வந்துச்சு.”

துணிகளை என் தோளில் அடுக்கினாள். “டிசம்பர் கடைசி மார்கழிதானே, உனக்கும் வேல இருக்காது. பெட்டி தூக்க வர்றியா?” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? போகத்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்தது. ஊரில் அடைத்துவைத்த கல்யாணமெல்லாம் திறந்துகொண்டது. இன்று சாயங்காலம் முகப்பேர் ரிசப்ஷன். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றப் போகும் நேரத்தில் வசு கூப்பிட்டாள்.

“புதுசு ஒண்ணு. கேக்கறியா?”

மணியைப் பார்த்தேன். அவள் நான் மணி பார்ப்பதைப் பார்த்தாள். வடக்கு அறைக்குள் போய் உட்கார்ந்தேன். மௌஸை நானே அவள் பக்கம் தள்ளிவைத்தேன். ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, “பேசாம கேளு” என்றாள்.

கேட்டேன். ஃபேன் சத்தம், இந்தத் தடவை அதில் ஒரு சின்னத் தடுமாற்றம், மூன்றாவது சுற்றில் ஒரு ‘டிக்’. கீழே எங்கோ ஃப்ரிட்ஜின் முனகல். குழாய் சொட்டுகிறது. நாய் இல்லை, காகம். தூரத்தில் கேட் கீச்சிட்டது, அதற்குள் இருப்பது நாலு ஸ்வரம் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் மிக அருகில் இரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள். ஒன்று வேகமாக இருந்து, போகப்போக இன்னொன்றோடு சேர்ந்துகொள்கிறது. டிராப் எப்போது வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வராவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. “வசு, இன்ட்ரோ பிரமாதம்” என்றேன்.

அவள் கையில் ரெக்கார்டர். சிவப்பு விளக்கு. என் ஹெட்போன் கம்பி கணினிக்குப் போகவில்லை, அதற்குத்தான் போயிருந்தது. பட்டென்று அணைத்தாள்.

“ட்யூன் இன்னும் போடவே இல்ல, ஜெகா. அது நம்ம வீடு. ரெண்டு வருஷமா கேட்ட ரூம் டோன் இப்பதான் கெடச்சுது.”

அப்புறம்தான் ட்யூனைப் போட்டாள். அதையும் கேட்டேன்.

மண்டபத்துக்கு நன்றாகத் தாமதமாகிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, என் தொழில், என் பொறுப்பு, என் வம்சம் என்று ஒவ்வொன்றாகத் திட்டினார். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நின்று கேட்டேன்.